தனியாக வசிக்கும் பெரியவர்களுக்கு அக்கம்பக்கத்துத் துணை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சி உறையூர் பக்கம் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் தனியாகவோ தம்பதியாகவோ வசிக்கும் வயதானவர்கள் நிறையப் பேர். பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், அமெரிக்கா என்று இருக்கிறார்கள். இந்தப் பெரியவர்கள் தங்கள் சொந்த வீட்டிலேயே தொடர்ந்து இருக்க, நாங்கள் சிலர் சம்பளம் இல்லாமல் கைத்துணையாக இருக்கிறோம். பதிவு செய்த சங்கம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. சேர நினைப்பவர்களும், வேறு தெருக்காரர்களும், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் எங்களிடம் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

என்னென்ன வேலை செய்கிறீர்கள்?

பெரும்பாலும் சின்னச் சின்ன வேலைகள்தான். டியூப்லைட் மாற்றுவது, கேஸ் சிலிண்டர் வந்தால் ரெகுலேட்டரை மாட்டிக் கொடுப்பது, பரணில் இருக்கும் பாத்திரத்தை இறக்குவது, டாக்டரிடம் கூடப் போவது, மாத்திரை வாங்கி வருவது, மின்கட்டணம் கட்டுவது, பேங்கிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வது. கண்புரை அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு நாள் முழுக்க அடுத்தடுத்து சொட்டு மருந்து விட ஆள் வேண்டும். அதைப் பங்கு போட்டுக்கொள்வோம்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, உட்கார்ந்து பேசுவது. மாலையில் ஒரு அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து நாட்டுநடப்பு பேச ஒருவர் வருவார் என்று தெரிந்தால், அன்றைக்கு அவர் சவரம் செய்துகொள்வார், வேட்டி மாற்றுவார், இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுவார். இதை நான் பல வீடுகளில் கண்ணாரப் பார்த்திருக்கிறேன்.

ஒரு விதி வைத்திருக்கிறோம். அவரால் முடிகிற வேலையை நாம் பிடுங்கிச் செய்யக்கூடாது. மெதுவாக நடந்தாலும் காய்கறி வண்டிக்கு அவரே வரட்டும். பையை மட்டும் நாம் தூக்கலாம். கத்திரிக்காயைத் தடவிப் பார்த்து, பேரம் பேசி வாங்குவது அவருடைய உரிமை. நாம் ஓடிப்போய் வாங்கி வந்து கொடுத்தால் நமக்குப் பத்து நிமிடம் மிச்சம். அவருக்கோ அன்றைக்கு வெளியே வர இருந்த ஒரே காரணம் போய்விடும்.

காலை அழைப்பு என்றால் என்ன? பதில் வராவிட்டால் என்ன செய்வீர்கள்?

வேறு எதையும் தொடங்க முடியாவிட்டாலும் இதை மட்டுமாவது தொடங்கச் சொல்வேன். தினமும் காலை எட்டு மணிக்கு ஒருவர் ஃபோன் செய்வார். "எழுந்தாச்சா, காபி ஆச்சா" என்று இரண்டு வார்த்தை. அவ்வளவுதான். தனியாக இருப்பவர் இரவில் விழுந்துவிட்டால், யாருக்கும் தெரியாமல் தரையில் கிடக்கும் நேரம்தான் விழுந்த அடியைவிட ஆபத்தாகிவிடுகிறது. உடம்பில் நீர் வற்றும், ஒரே பக்கம் அழுந்திக் கிடந்தால் தசையும் தோலும் கெடும், சிறுநீரகம் பாதிக்கப்படும். காலை அழைப்பு இருந்தால் அந்த நேரத்துக்கு ஒரு வரம்பு விழும்.

பதில் வராவிட்டால் செய்ய வேண்டிய வரிசையை எழுதி வைத்திருக்கிறோம். பத்து நிமிடம் கழித்து மறுபடி அழைப்பு. அதற்கும் பதில் இல்லையென்றால் எதிர்வீட்டுக்காரர் போய்ப் பார்ப்பார்: கதவில் மாட்டிய பையில் பால் பாக்கெட் அப்படியே இருக்கிறதா, பேப்பர் கிடக்கிறதா, வாசல் தெளித்திருக்கிறதா, வெளி விளக்கு இன்னும் எரிகிறதா. கதவைத் தட்டிக் கூப்பிட்டும் சத்தம் இல்லையென்றால் மாற்றுச் சாவி. உள்ளே எப்போதும் இரண்டு பேர் சேர்ந்துதான் போக வேண்டும். நிலைமையைப் பார்த்து 108, அப்புறம் பிள்ளைகளுக்குத் தகவல்.

பெரும்பாலான நாட்களில் ஃபோன் சைலண்டில் இருந்திருக்கும், அல்லது கோவிலுக்குக் கிளம்பியிருப்பார். அதற்காக ஓடி வந்தவர் முகத்தைச் சுளிக்கக்கூடாது. ஒருமுறை சலித்துக்கொண்டால் போதும், "வீணா உங்களுக்குச் சிரமம், நாளையிலிருந்து கூப்பிட வேண்டாம்" என்று சொல்லிவிடுவார்.

மாற்றுச் சாவியை யாரிடம் கொடுப்பது?

அவரே தேர்ந்தெடுத்த ஒருவரிடம். சாவியைக் கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் பெரியவர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். கவர் பிரிபட்டால் எப்போது, எதற்கு, யார் கூட இருந்தார் என்று நோட்டில் எழுத வேண்டும். இன்னொரு விஷயம்: உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தால் எந்தச் சாவியும் உதவாது. இரவில் பூட்டை மட்டும் போட்டு, மேல்தாழ்ப்பாளை விட்டுவிடச் சம்மதிக்கிறாரா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். திருட்டு பயம் நியாயமானது. அதனால் வற்புறுத்த வேண்டாம். நல்ல பூட்டு ஒன்று பொருத்திக் கொடுத்தால் பாதிப் பேர் ஒப்புக்கொள்வார்கள்.

"எனக்கு யாருடைய உதவியும் வேண்டாம்" என்கிறாரே?

சரிதான். வாழ்நாள் முழுக்க நாலு பேருக்குச் செய்தே பழகிய கை அது, வாங்கக் கூசும். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வாசலோடு எங்களைத் திருப்பி அனுப்பினார். கொஞ்ச நாள் கழித்து, பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கணக்குச் சொல்லித் தர முடியுமா என்று கேட்டோம். உடனே வரச் சொன்னார். வருகிற பையன் மோட்டார் போடுவான், மாத்திரைச் சீட்டில் சின்ன எழுத்தைப் படித்துச் சொல்வான், போகும்போது குப்பையை எடுத்துப் போவான். அதை உதவி என்று அவரும் நினைக்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

இப்போது எங்கள் செலவுக் கணக்கை எழுதுவது 81 வயதுப் பெரியவர் ஒருவர். முன்பு வங்கியில் வேலை பார்த்தவர். விண்ணப்பம் நிரப்புவதற்கும் எல்லோரும் அவரிடம்தான் போகிறோம். காலை அழைப்புகளில் சிலவற்றைச் செய்பவர்களும் எழுபது தாண்டிய பெண்கள்தான். உதவி பெறுபவர் பட்டியல், செய்பவர் பட்டியல் என்று இரண்டாகப் பிரித்தால் இந்த ஏற்பாடு ஒரு மாதம்கூட ஓடாது.

எதையெல்லாம் செய்ய மாட்டீர்கள்?

ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, சிறுநீர்க் குழாய் பராமரிப்பது, படுக்கையில் இருப்பவரைக் குளிப்பாட்டுவது. இதற்கெல்லாம் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ சொல்ல மாட்டோம். பத்திரம், உயில், சொத்துப் பிரிப்பு பற்றி வாயே திறக்க மாட்டோம். சாட்சிக் கையெழுத்தும் போட மாட்டோம். பெரியவரே கேட்டால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தைக் கவனிக்காவிட்டால் அதை ரத்து செய்யக் கேட்கலாம், கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள் என்று வழி மட்டும் காட்டுவோம்.

பண விஷயத்தில் எப்படி?

ரொம்பக் கண்டிப்பு. ஏடிஎம் பின் நம்பரை யாரும் கேட்கக்கூடாது. அவரே சொல்ல வந்தாலும் காதில் வாங்கக்கூடாது. பணம் எடுக்க வேண்டுமென்றால் அவரையே பேங்குக்கு அழைத்துப் போவோம். போக முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தரும்படி 70 வயதைத் தாண்டியவர்கள் விஷயத்தில் ரிசர்வ் வங்கி 2017-லேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கிளையில் கேளுங்கள், விடாமல் கேளுங்கள்.

மருந்துக் கடைக்குக் கொடுத்த ஐந்நூறு ரூபாய்க்கும் பில், மீதி, நோட்டில் இரண்டு கையெழுத்து. "என்ன இது, உன்னை நம்ப மாட்டேனா" என்பார்கள். நோட்டு அவருடைய நிம்மதிக்கு மட்டும் இல்லை, நாளைக்கு ஊரிலிருந்து வரும் மகளின் கேள்விக்கும் அதுதான் பதில்.

ஃபோனில் வரும் மோசடி இப்போது பெரிய தொல்லை. போலீஸ் என்றும் சிபிஐ என்றும் சொல்லி, "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், யாரிடமும் பேசக்கூடாது" என்று வீடியோ அழைப்பில் மிரட்டுகிறார்கள். அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையவே கிடையாது. பயந்த நேரத்தில் அவர் முதலில் கூப்பிடக்கூடிய ஓர் ஆள் பக்கத்தில் இருந்தாலே பாதி மோசடி நடக்காது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும். ஏமாந்தவரைத் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்துதான் பலர் இரண்டு நாள் வெளியில் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். அம்மாவைப் பற்றித் தினமும் எனக்குத் தகவல் தருவீர்களா?

உங்கள் கவலை புரிகிறது. அங்கே நள்ளிரவில் ஃபோன் ஒலித்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் எதைச் சொல்லலாம் என்று உங்கள் அம்மாவிடம் கேட்டுத்தான் முடிவு செய்வோம். மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் கட்டாயம் சொல்வோம் என்று அவருக்கு முன்பே தெரிவித்துவிடுவோம். மற்றபடி, அம்மா நேற்று ஜாங்கிரி சாப்பிட்டார் என்று உங்களுக்கு எழுதுவது எங்கள் வேலை இல்லை. வேவு பார்க்கிறார்கள் என்று தோன்றினால் அவர் எங்களுக்குக் கதவைத் திறக்க மாட்டார்.

உங்களிடம் நாங்கள் கேட்பது இரண்டு. ஒன்று, உள்ளூரில் ஓர் உறவினரின் எண்ணும், அவசரத்தில் மருத்துவமனைக்குப் பணம் கட்ட ஓர் ஏற்பாடும். இரண்டாவது, வாரத்தில் ஒரு நாள் உங்கள் அம்மாவிடம் மாத்திரை, பிரஷர், சர்க்கரை எதுவும் கேட்காமல் பேசுங்கள். "எங்க பையன் ஃபோன் பண்ணா நர்ஸ் மாதிரிப் பேசறான்" என்று ஒரு அம்மா சொன்னார்.

விழாமல் இருக்க வீட்டில் என்ன மாற்ற வேண்டும்?

குளியலறையில் தொடங்குங்கள். வழுக்காத ரப்பர் மிதியடி, கழிப்பறைக்குப் பக்கத்தில் சுவரில் பதித்த கைப்பிடி, உட்கார்ந்து குளிக்க ஒரு கனமான ஸ்டூல். துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்து எழுந்தால் அது கையோடு வந்துவிடும். அதை நம்ப வேண்டாம். உள்ளே தாழ்ப்பாள் போடாமல் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லுங்கள். எண்ணெய்க் குளியல் அன்றைக்கு, உள்ளங்காலில் எண்ணெயோடு டைல்ஸ் தரையில் நடப்பதுதான் நான் அதிகம் பயப்படும் காட்சி. காலைத் துடைத்துவிட்டு எழுந்திருக்கச் சொல்லுங்கள், அல்லது குளிக்கும் இடத்திலேயே உட்கார்ந்து எண்ணெய் தேய்க்கட்டும்.

படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு. பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். தேய்ந்த ரப்பர் செருப்பு, சுருண்டுகொள்ளும் மிதியடி, நடுக்கூடத்தில் கிடக்கும் ஒயர் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள், அவரைக் கேட்டுவிட்டு.

விழுந்து கிடப்பவரைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். முதலில் பேசுங்கள். இடுப்பில் கடும் வலி, ஒரு கால் குட்டையாகவோ பாதம் வெளிப்பக்கம் திரும்பியோ தெரிந்தால் அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவராகவும் இருந்தால், நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ பக்கவாதமாக இருக்கலாம். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால், சிடி ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று அங்கே கட்டாயம் கேட்பார்கள். அதற்கும் காலை அழைப்பு உதவும்.

ஞாபக மறதி உள்ளவர் தனியாக இருக்கலாமா?

தொடக்க நிலையில் இருக்கலாம், துணை நெருக்கமாக இருந்தால். எங்களுக்கு இதில் வந்த பெரிய சோதனை திருட்டுப் பழி. "வளையலைக் காணோம், நீதான் எடுத்தே" என்று ஒரு பாட்டி, வாரா வாரம் வரும் பெண்ணிடம் சொல்லிவிட்டார். வளையல் அரிசிப் பானைக்குள் இருந்தது. அந்தப் பெண் அழுதுவிட்டாள். இது நோயின் பேச்சு என்று முன்பே எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும். மறுத்து வாதாடினால் கோபம் ஏறும். "வாங்க, சேர்ந்து தேடலாம்" என்று தேடத் தொடங்கினால் தணியும்.

இரண்டே நாளில் திடீரென்று குழம்பிப் பேசினால் அதை வயது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கும். மெதுவாக வரும் மறதிக்கும் தைராய்டு, பி12 பரிசோதனை செய்துவிட வேண்டும்.

கேஸைத் திறந்துவிட்டு மறப்பது, வழி தெரியாமல் தெருவில் நிற்பது, இரவில் கதவைத் திறந்துகொண்டு கிளம்புவது ஆகியவை வந்துவிட்டால் எங்களால் ஈடுகொடுக்க முடியாது. குடும்பத்திடம் அதை மழுப்பாமல் சொல்லிவிடுவோம். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

அரசு உதவிகளில் எவை பயன்படுகின்றன?

மக்களைத் தேடி மருத்துவம், 2021 ஆகஸ்டில் தொடங்கியது; பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வரும், இயன்முறை சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிய வேண்டும். ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567.

மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிரோடு இருப்பதற்கான சான்றை, அதாவது லைஃப் சர்டிபிகேட்டை, நவம்பரில் கொடுக்க வேண்டும். 80 வயது ஆனவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். ரேகை தேய்ந்துபோய் இயந்திரம் ஏற்காதவர்களுக்கு, ஃபோன் கேமராவில் முகத்தைக் காட்டிப் பதிவு செய்யும் வசதி வந்தது பெரிய ஆறுதல். அந்த மாதம் எங்கள் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வீடு வீடாக இதுதான் வேலை.

வீட்டு வேலை செய்யும் அக்காவின் பிழைப்பைக் கெடுக்காதா இது?

கெடுக்கும்படி நடந்தால் தப்பு. அவர் சம்பளத்துக்குச் செய்யும் எதையும் நாங்கள் இலவசமாகச் செய்ய மாட்டோம். உண்மையில் பெரியவரின் உடல்நிலையை எங்களைவிட நன்றாக அறிந்தவர் அவர்தான். "அம்மா மூணு நாளா சரியா சாப்பிடலை, சோறு அப்படியே மிச்சம் இருக்கு" என்று முதலில் சொல்பவர் அவர். அவருடைய எண்ணும் எங்கள் பட்டியலில் இருக்கிறது.

"இன்ன ஆள் வீட்டுக்குள் வரக்கூடாது" என்று பெரியவர் சொன்னால்?

சாதி பார்த்து, மதம் பார்த்து சொல்பவர்கள் இருக்கிறார்கள். சமையலறைக்குள் வேண்டாம், தண்ணீர்ச் செம்பைத் தொட வேண்டாம் என்பார்கள். வயதானவர் என்பதற்காக இதற்கு இணங்குவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தோம். முறைப்படி யார் வர வேண்டுமோ அவர்தான் வருவார். ஆளை மாற்றித் தர மாட்டோம். வேண்டாமென்றால் அன்றைய உதவி இல்லை. காலை அழைப்பு மட்டும் நிற்காது, உயிர் சம்பந்தப்பட்டது என்பதால். இதனால் சில வீடுகள் விலகின. சில வீடுகளில் மனம் மாறியதும் உண்டு. ஆனால் அவமானப்பட்ட ஒரு தன்னார்வலரைச் சமாதானப்படுத்தி மறுபடி அதே வாசலுக்கு அனுப்பும் வேலையை நாங்கள் செய்ய மாட்டோம்.

பெண்கள் தனியாக வசிக்கும் வீட்டுக்கு ஆண்கள் தனியாகப் போவதில்லை என்பது வேறு விஷயம். அது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

வேறு எங்காவது இப்படி நடக்கிறதா?

கேரளத்தைப் பாருங்கள். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி தணிப்பு சிகிச்சைக்காகத் தொடங்கிய முயற்சி, 2000-ஐ ஒட்டி மலப்புரம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்தாரே நடத்தும் வலைப்பின்னலாக வளர்ந்தது. வாரத்தில் இரண்டு மணி நேரம் தரக்கூடியவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தங்கள் பகுதியில் நோயோடு படுத்திருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள வைத்தார்கள். 2008-இல் மாநில அரசே அதைக் கொள்கையாக ஏற்றது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் பீக்கன் ஹில் பகுதியில், முதியோர் இல்லத்துக்குப் போக விரும்பாத அண்டை வீட்டார் சேர்ந்து 2002-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதைப் பார்த்து அந்த நாட்டில் பல ஊர்களில் தொடங்கிவிட்டார்கள். அங்கே உறுப்பினர் கட்டணம் உண்டு. நம் தெருக்களுக்குக் கேரள வழிதான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

நான் வேலைக்குப் போகிறவன். எவ்வளவு நேரம் தர வேண்டும்?

வாரம் ஒரு மணி நேரம் போதும், அதே கிழமை, அதே நேரம். வியாழன் மாலை வருகிறேன் என்றால் வியாழன் காலையிலிருந்தே காத்திருப்பார்கள். வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லி, வேறு ஆளை ஏற்பாடு செய்ய வேண்டும். ஆர்வத்தில் தினமும் வந்து, ஒரு மாதத்தில் காணாமல் போகிறவர்கள் எங்களுக்குச் சரிப்படாது.

பெரியவர் வீட்டிலேயே காலமாகிவிட்டால்?

அவரைப் பார்த்துவந்த மருத்துவரை அழைத்து இறப்புக்கான காரணச் சான்று வாங்க வேண்டும்; அதனால்தான் ஒரு குடும்ப மருத்துவர் கட்டாயம் என்கிறோம். தனியாக இறந்து கிடந்து, காரணம் தெரியாவிட்டால் போலீஸுக்குச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வந்து சேரும்வரை ஐஸ் பெட்டி ஏற்பாடு, இரவு முழுக்க யாராவது கூட இருப்பது எங்கள் பொறுப்பு. 21 நாளுக்குள் இறப்பைப் பதிந்துவிட வேண்டும்.

எங்கள் தெருவில் எப்படித் தொடங்குவது?

கூட்டம் போடாதீர்கள், பெயர் வைக்காதீர்கள். நம்பகமான நாலைந்து பேர், இரண்டு மூன்று வீடுகள் போதும். முதல் வாரம் காலை அழைப்பு. அடுத்து ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்: பெயர், வயது, நோய்கள், சாப்பிடும் மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்து, மருத்துவர் எண், பிள்ளைகள் எண், பக்கத்து வீட்டு எண், காப்பீட்டு அட்டை இருக்கும் இடம். இரவில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போது யாருக்கும் எதுவும் ஞாபகம் வராது. மருந்து மாறும்போதெல்லாம் தாளையும் மாற்றுங்கள், கீழே தேதி போடுங்கள்.